நிலைப்படிக்கு உள்ளே இங்கிலீஷ்

சொன்ன பேச்சைக் கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். அந்தப் பயத்தை ஏற்படுத்தியவர், கல்பாக்கம் குடியிருப்பில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்த அக்கா. சொன்னதைச் சொன்னபடியே கேட்கிற மனுஷி அவரைப்போல் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. சொன்னவர்கள்தான் பாவம். ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று ஆகிவிடும் அவர்களுக்கு.

நான் கும்பகோணத்துப் பெண். கல்யாணமாகி அங்கே போன புதிதில் எனக்கு வேலையும் கிடையாது, பொழுதும் போகாது. எங்கள் வீடு மாடியில். பின்பக்க பால்கனியில் நின்றால் அக்காவின் கொல்லை முழுவதும் கண்ணுக்கு நேராகத் தெரியும். அங்கே நடப்பதும் பேசுவதும் நான் வேண்டாம் என்றாலும் என் காதில் விழும். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

எங்கள் கட்டிடத்துக்கு முன்னால் ஒரு புல்தரை உண்டு. அதில் துணி காயப்போடக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அக்கா துணி போடவில்லை, மிளகாய் போட்டார். கேட்க வந்த ஆளிடம், "துணின்னுதான எய்திக்கீது? இது மொளகாதான?" என்றார். பலகையில் மிளகாயையும் சேர்த்து எழுதினார்கள். மறுநாள் கருவாடு வந்தது. அந்த வாசனை எந்தத் தெருவரைக்கும் போனதோ, பலகையை அழித்து, எந்தப் பொருளும் காயப்போடக் கூடாது என்று புதிதாக எழுதிவிட்டார்கள். அன்று சாயங்காலம் அக்கா தலைக்குக் குளித்துவிட்டு, கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு, புல்தரைக்கு நட்ட நடுவே கால் நீட்டி உட்கார்ந்தார். "நான் இன்னா பொருளா? மனுசிம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அடுத்த வாரம் பலகையையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சர்க்கரை இருக்கிறது, காலையில் ஒரே ஒரு தோசைதான் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதும் அப்படித்தான். அக்கா ஒரு தோசைதான் சாப்பிட்டார். கல்லை அடைத்துக்கொண்டு, விரல் கனத்தில் கிடந்த அந்தத் தோசையைத் திருப்புவதற்கு இரண்டு கரண்டி வேண்டியிருந்தது. இதையெல்லாம் வெகுளித்தனம் என்று நான் ஆரம்பத்தில் நம்பினேன். ஒருநாள் கேட்டேவிட்டேன். "நான் இன்னாம்மா பண்றது? சொல்றவங்க ஒயுங்கா சொல்லட்டுமே" என்றார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை. கண்ணில் மட்டும் இருந்தது.

அவர் திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம். நடவுக்கும் களையெடுக்கவும் கூலிக்குப் போன குடும்பம். இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பேசிப் பழகிய குரலுக்குக் குடியிருப்புச் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவர் கணவரும் அதே மாதிரி வீட்டில் பிறந்தவர்தான். செங்கல்பட்டுப் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கடைசிவரை உழைத்தவர். இவர் டிப்ளமா படித்து டெக்னீஷியன் ஆகி, குடும்பத்திலேயே முதல்முறையாகக் கழுத்தில் அடையாள அட்டை மாட்டியவர். குடியிருப்பில் எல்லோரும் அவரை சார் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். சார் குரலை உயர்த்த மாட்டார். வழியில் மாடு நின்றாலும் "எக்ஸ்கியூஸ் மீ" என்பார்.

அந்த சார்தான், ஒரே மகளான பாப்பாவைப் பள்ளியில் சேர்த்த வருஷம், வீட்டில் ஒரு சட்டம் போட்டார். இனிமேல் வீட்டுக்குள் இங்கிலீஷ் மட்டும்தான்.

இதைக் கேட்டு நான் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. என் மாமியார் வீட்டில் மனிதர்கள் எல்லோரும் தமிழ்தான் பேசுவார்கள், நாயிடம் மட்டும் இங்கிலீஷ். "சிட்", "கோ", "நாட்டி பாய்" என்று அதற்கு ஒரு தனி மரியாதை. அதுவும் புரிந்த மாதிரியே வாலாட்டும். ஊரெல்லாம் இப்படி இருக்கும்போது சார் பெற்ற பெண்ணுக்காக ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

சட்டம் வந்த அன்றைக்கு அக்கா ஒரே ஒரு சந்தேகம் கேட்டாராம். "வூட்டுக்குள்ளன்னா எதுவரைக்கும்?"

நிலைப்படி வரைக்கும் என்று சார் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கே அம்மி கொல்லைக்குப் போனது. பிறகு ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைச் சாய்த்து, அதன் அடியில் கேஸ் அடுப்பு. பிறகு கயிற்றுக் கட்டில். பாப்பா படிக்கும் மேஜை. டிவியை வீட்டுக்குள்ளேயே வைத்து, ஜன்னலைப் பார்க்கத் திருப்பிவிட்டார். நான் குடிவந்தபோது வீட்டுக்குள் மிச்சமிருந்தது ஒரு சோபா, ஒரு காலண்டர், சார். அக்காவும் பாப்பாவும் தூங்குவதற்கு மட்டும் உள்ளே போவார்கள். தூங்கும்போது எந்த மொழியும் தேவைப்படுவதில்லை.

சாப்பாட்டு நேரம்தான் பார்க்கக் கண்கொள்ளாத காட்சி. சார் நிலைப்படிக்கு இந்தப் பக்கம், உள்ளே, சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அக்கா அந்தப் பக்கம், வெளியே, குழம்புச் சட்டியோடு. தட்டு படியைத் தாண்டிப் போகும், வரும்.

"சால்ட் லெஸ்" என்பார் சார்.

"நாக்குல உப்பு ஒறைக்கலன்னா நாக்கத்தான் கய்வணும்" என்பார் அக்கா.

அவர் உள்ளே, இவர் வெளியே. யாரும் சட்டத்தை மீறவில்லை. எப்போதாவது பெருக்குவதற்கு உள்ளே போக நேர்ந்தால் அக்கா "யெஸ்", "நோ", "ஒன் மினிட்" ஆகிய மூன்றை வைத்துச் சமாளித்துவிட்டு வெளியே வந்துவிடுவார். வந்ததும் உள்ளே சொல்ல முடியாமல் போனதையெல்லாம் சேர்த்துவைத்துக் கத்திரிச் செடியிடம் சொல்லுவார். சார் குறட்டை விடுவது, படுக்கையில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவது, எல்லாம் அந்தச் செடிக்குத் தெரியும். அது சார் காதில் விழ வேண்டும் என்றுதான் சொல்வது. விழும். சார் பேப்பரைத் திருப்புவார். அவருக்கு அதில் பெரிய சங்கடம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. ஏனென்றால் அக்கம்பக்கத்தில் என்னைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. எதிர்வீட்டில் ஒரு வங்காளத்து அம்மா. பக்கத்து வீட்டில் வடக்கே எங்கிருந்தோ வந்த மனிதர், சாருடைய செக்‌ஷனில் சாருக்கு மேலதிகாரி. அவருக்குத் தமிழில் "தண்ணி", "போதும்" இரண்டும்தான் தெரியும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். பாப்பா ஆறாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் சார் ஒரு முடிவுக்கு வந்தார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கையைக்கூடக் கழுவாமல் இங்கிலீஷிலேயே அறிவித்தார். பாப்பாவை மலைமேல் இருக்கும் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கப் போகிறாராம். பாப்பா பேச்சில் இந்தக் கொல்லை வாசனைதான் வருகிறதாம், இங்கேயே இருந்தால் அது போகவே போகாதாம். அக்கா படிக்கு வெளியே நின்றபடி முதல்முறையாகத் தானே இங்கிலீஷுக்கு வந்தார்.

"நோ" என்றார்.

"யெஸ்" என்றார் சார். பிறகு, மனசு கேட்கவில்லையோ என்னவோ, ஒரு வார்த்தை விட்டார். அம்மா வீட்டுக்குள் எப்போதும் இங்கிலீஷ் பேசட்டும், அப்படியானால் ஹாஸ்டல் வேண்டாம்.

அன்று சாயங்காலம் அக்கா மாடிக்கு ஏறி வந்தார். அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "நான் இல்லாம அது எப்டிம்மா துன்னும்? மீனுல முள்ளு எடுக்கக்கூட தெர்ல அதுக்கு. காய்ச்சல் வந்தா யாராண்ட சொல்லும்?" என்று கேட்டுவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். காபி போட்டுக் கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்ததும் நிமிர்ந்தார்.

"நீ மேலருந்து கேட்டுக்கினுதான இருந்த? அவரு இன்னா சொன்னாரு, ஒரு வார்த்த வுடாம சொல்லு."

சொன்னேன்.

"வூட்டுக்குள்ள எப்பவும் நான் இங்கிலீஷ்ல பேசணும். அவ்ளோதான?"

"ஆமாக்கா."

"இன்னா பேசணும்னு சொன்னாரா?"

"இல்லியே."

"அப்ப சரி" என்றார் அக்கா. மிச்சக் காபியை ஒரே மூச்சில் குடித்தார். "நல்ல வார்த்தைல்லாம் எனக்கு வோணாம். அத்த அவரே பேசிக்கட்டும். திட்றது மட்டும் சொல்லிக் குடு."

தினமும் மத்தியானம் பாடம் நடந்தது. பாப்பாவும் கூட வந்து உட்கார்ந்துகொண்டு அம்மாவின் உச்சரிப்பைத் திருத்துவாள். இலக்கணம் சொல்லித்தர நான் முயற்சி செய்தேன். "திட்டசொல்ல இதெல்லாம் எவன் பாக்கறான்?" என்று தள்ளிவிட்டார். அவருக்கு வேண்டிய வார்த்தைகளை அவரே கொண்டுவந்தார். குறட்டைக்கு இங்கிலீஷில் என்ன? கால் நகத்துக்கு? கரப்பான்பூச்சிக்கு? ஒருநாள் சுரைக்காய்க்கு என்ன என்று கேட்டார். சுரைக்காயை வைத்து யாரைத் திட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ சமையலுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரங்கேற்றம். அக்கா கேஸ் அடுப்பை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார். அடுப்பு, அம்மி, மேஜை எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன. சித்திரை வெயில். எல்லா வீட்டு ஜன்னலும் விரியத் திறந்து கிடந்தன. கேட்பதற்கு நான் பால்கனிக்குப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஆனாலும் போய் நின்றேன்.

"குட் மார்னிங்" என்றது வரப்பு தாண்டும் குரல். "யூ நைட் ஃபுல் ஸ்நோரிங். லைக் லாரி. ஐ நோ ஸ்லீப்."

"வெரி குட்! வெரி குட்!" என்றார் சார். பாவம், சந்தோஷத்தில் கை தட்டினார்கூட.

"டோ நெயில் கட்டிங் ஆன் பெட். டர்ட்டி மேன். காக்ரோச் கமிங், யூ ஜம்பிங் ஆன் சோபா. ஷவுட்டிங் மம்மி, மம்மி!"

எதிர்வீட்டு ஜன்னலில் வங்காளத்து அம்மாவின் தலை தெரிந்தது. "கரெக்ட் தீதி! மை ஹஸ்பண்ட் ஆல்சோ!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

சாரின் கைதட்டல் நின்றது. "மெதுவா, மெதுவா" என்று தமிழில் கெஞ்சுவது லேசாகக் கேட்டது.

"நோ தமிழ்! இன்சைட் ஹவுஸ், இங்கிலீஷ் ஒன்லி. ஒய் யூ காலிங் ஆபீசர் பாட்டில்கார்டு? டெய்லி டெய்லி காலிங் பாட்டில்கார்டு. ஆபீசர் குட் மேன். ஹெட் லிட்டில் லாங். காட் கிவன். வாட் டு டூ?"

பக்கத்து வீட்டு ஜன்னலோரம் மேலதிகாரி முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் கை அப்படியே நின்றதை நான் பார்த்தேன். அந்தத் தலையைப் பார்த்ததும் சுரைக்காய்க்கான காரணமும் எனக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன்.

இத்தனைக்கும் சுரைக்காயைத் தவிர அக்கா புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அதே குறட்டையும் நகமும் அத்தனை வருஷமாக இதைவிடச் சத்தமாக அந்தக் கொல்லையில் முழங்கியவைதான். அந்த வீட்டு மானத்தைக் கட்டிக் காத்தது தமிழ். நாலு மாநிலத்து ஜனங்கள் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இடத்தில் ஊருக்கெல்லாம் கேட்கிற பாஷை இங்கிலீஷ் என்பதை சார் யோசிக்கவில்லை.

அக்கா ஓயவில்லை. காலையில் காபியோடு தொடங்கி, சார் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை நடக்கும். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது மறுபடி. ஸ்டாஃப் பஸ்ஸில் யாரோ கரப்பான்பூச்சி சௌக்கியமா என்று விசாரித்திருக்கிறார்கள். சார் ஜன்னலைச் சாத்தினார். அக்கா, "ஹாட்! ஹாட்! ஐ டையிங்! ஹெல்ப்!" என்று கூவினார். வங்காளத்து அம்மா ஓடிவந்து கதவைத் தட்டினாள். சார் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

அப்புறம் அந்த வாரக் கடைசியில் மேலதிகாரியின் மனைவி ஒரு மூடிய கிண்ணத்தோடு கீழ்வீட்டு வாசலில் வந்து நின்றாள். சார்தான் கதவைத் திறந்தார். "மை ஹஸ்பண்ட் செய்ட், யூ லைக் இட்" என்று சிரித்தபடி கொடுத்துவிட்டுப் போனாள். சார் மூடியைத் திறந்து பார்த்தார். சுரைக்காய்க் கறி.

கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு சார் சோபாவில் உட்கார்ந்துவிட்டாராம். பாப்பா பிறகு சொன்னாள். அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "வெரி டேஸ்ட்டி. ஈட்" என்றிருக்கிறார்.

"போதும்மே. தமிழ்ல பேசு."

"நோ. இன்சைட் ஹவுஸ்..."

சார் அதை முடிக்க விடவில்லை. எழுந்து விறுவிறுவென்று நிலைப்படியைத் தாண்டிக் கொல்லைக்கு வந்தார். நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பனியனோடு, கத்திரிச் செடிக்குப் பக்கத்தில் வந்து நின்ற அந்த மனிதரை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. நான் பார்த்தவரை அவர் அந்தக் கொல்லையில் கால் வைத்ததே கிடையாது.

"வெளிய வந்துட்டேன். இங்க பேசலாம்ல? பாப்பா எங்கியும் போவல. இங்கயே படிக்கட்டும். போதுமா?"

அக்கா படியருகில் வந்து நின்றார். ஜெயித்த களிப்பில் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ அப்படியே படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அத்தனை நாள் கரப்பான்பூச்சியையும் குறட்டையையும் வைத்து ஊரைச் சிரிக்க வைத்தவர், உள்ளே எவ்வளவு பயத்தோடு இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் கையில் இருந்த துணியால் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவுக்குக் கீழே தரையிலேயே உட்கார்ந்தார்.

"உன்னப் பிடிக்காமயாமே இதெல்லாம் பண்ணேன்? நான் டிப்ளமா சேந்தேன்ல, மொத நாளு. லேட்டா பூட்டேன். எங்கடா இருந்தன்னு வாத்தியாரு கேட்டாரு. 'வந்துகினே கீறேன் சார்'னு சொன்னேன். வந்துட்டு அப்புறம் வந்துகினு கீறேன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்களா? நம்ம பேச்சக் கேட்டு கிளாஸே சிரிச்சிது. அத்தோட வுட்டாங்களா? அதுல ஒருத்தன் என்னிய 'கினு'ன்னே கூப்ட ஆரம்பிச்சான். மூணு வருசமும் அதான் எம் பேரு. ஹாஸ்டல்ல, மெஸ்ல, எங்க போனாலும் 'டேய் கினு'. பரிச்ச பேப்பர்லகூட எவனோ எய்தி வெச்சிருந்தான். அப்புறம் நான் வாயத் தொறக்கவே மாட்டேன். பாப்பாவுக்கு அப்டி ஒரு பேரு வந்துடக் கூடாதுன்னுதான்..."

அந்த மனிதருக்கு இவ்வளவு பேச வரும் என்றே எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்காது. அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அவன்? அந்தப் பேரு வெச்சவன்."

"வுடு. அதெல்லாம் எப்பவோ."

"இப்ப எங்க கீறான்?"

"இங்கதான். அவனுக்கும் இங்கதான வேல. பார்க்குக்கு எதிர்த்தாப்ல கீற குவார்ட்டர்ஸு."

அக்கா மூக்கை உறிஞ்சினார். எழுந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"தமிழ்க்காரன்தான?"

"ஆமா. ஏன்?"

"அப்ப இங்கிலீஷ் வோணாம். வூட்டு நம்பர சொல்லு."